கால்குலேட்டர் பாடுமா?

கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் ஆகிய நான்கையும் நொடிப்பொழுதில் செய்து முடிக்கும் கால்குலேட்டரை அறியாதவர் இல்லை. மளிகைக் கடை அண்ணாச்சி முதல் வங்கி மேலாளர் வரை அனைவர் மேசையிலும் அது இடம் பிடித்திருக்கிறது. ஆனால் கால்குலேட்டர் பாடுமா? "அதற்குத்தான் வாய் இல்லையே!" என்று நீங்கள் சிரிக்கலாம். பொத்தானை அழுத்தினால் 'பீப்' என்று கத்தும் கடைக் கால்குலேட்டரை நாங்கள் சொல்லவில்லை. ஒலி எழுப்பும் உறுப்பு எதுவுமே உள்ளே இல்லாத, கணக்குத் தேர்வுக்கென்றே செய்யப்பட்ட ஒரு கருவியைச் சொல்கிறோம். படிக்கும் பிள்ளைகளும், பொழுதுபோக்காகக் கருவிகளை ஆராய்பவர்களும் சேர்ந்து அந்த வாயில்லாக் கருவியைப் பாட வைத்திருக்கிறார்கள். அது எப்படி நடந்தது என்பதை எங்களுக்கு விளங்கிய அளவில் இங்கே சொல்ல முயல்கிறோம்.

அது என்ன கருவி?

அதன் பெயர் வரைபடக் கால்குலேட்டர். நாம் வரைபடத் தாளில் அளவுகோலும் பென்சிலும் கொண்டு கோடு வரைகிறோம் அல்லவா? அதே வேலையை இது தன் சிறு திரையில் செய்துவிடும். ஒரு சமன்பாட்டைத் தட்டினால் போதும், அதன் வளைகோடு கண்முன் எழும். முதல் வரைபடக் கால்குலேட்டரை 1985ஆம் ஆண்டில் ஜப்பான் நாட்டுக் காஸியோ நிறுவனம் வெளியிட்டது. அமெரிக்காவின் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனம் 1990இல் டி.ஐ.-81 என்ற கருவியைக் கொண்டுவந்தது. பின்னர் டி.ஐ.-83 பிளஸ் 1999இலும், டி.ஐ.-84 பிளஸ் 2004இலும் வந்தன.

அமெரிக்காவில் கல்லூரி நுழைவுக்காக எழுதப்படும் எஸ்.ஏ.டி. தேர்வில் 1994 முதல் கால்குலேட்டர் அனுமதிக்கப்பட்டது. உயர்நிலைப் பள்ளியின் மேல்நிலை நுண்கணிதத் தேர்வுக்கு 1995 முதல் வரைபடக் கால்குலேட்டர் கட்டாயமாயிற்று. ஆகவே நம் பையில் ஜியாமெட்ரிப் பெட்டி இருப்பதைப் போல அங்குள்ள மாணவ மாணவியர் பையில் இக்கருவி இருந்தது. நமது பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கால்குலேட்டருக்கு இடமில்லை. அதனால்தான் நம்மில் பலர் இதைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் சித்தப்பா அமெரிக்காவில் படித்தபோது வாங்கிய டி.ஐ.-83 பிளஸ் ஒன்றை அவளுக்குக் கொடுத்தார். அதை வைத்துத்தான் நாங்கள் இவற்றை அறிந்துகொண்டோம்.

இதன் திரையில் குறுக்கே 96, நெடுக்கே 64 புள்ளிகள். ஆக மொத்தம் 6,144 புள்ளிகள்தான். உள்ளே இருக்கும் மூளை இசட்-80 என்னும் சில்லு. இச்சில்லு 1976இல் வெளிவந்தது. தனிச் சில்லாக அதன் உற்பத்தியை நிறுத்துவதாக ஜைலாக் நிறுவனம் அறிவித்தது 2024இல்தான்! நாற்பத்தெட்டு ஆண்டுகள் ஒரு சில்லு உழைத்ததென்றால் சாதாரணமா? டி.ஐ.-83 பிளஸில் இது வினாடிக்கு 60 லட்சம் துடிப்பு என்னும் வேகத்தில் வேலை செய்கிறது. நான்கு சிறு பாட்டரிகள் இதற்குப் போதும்.

கருவியின் கீழ்விளிம்பில் ஒரு வட்டத் துளை இருக்கிறது. அதன் விட்டம் 2.5 மில்லிமீட்டர். 1992இல் வந்த டி.ஐ.-85 முதல் இத்தகைய துளையை வைத்தார்கள். இரண்டு கால்குலேட்டர்களை ஒரு கம்பியால் இணைத்து, ஒன்றில் உள்ள புரோகிராமை மற்றதற்கு அனுப்புவதற்காக ஏற்பட்ட வழி அது. பாட்டுக்காக அதை யாரும் வைக்கவில்லை. ஆனால் பாட்டு வெளியே வந்தது அந்தத் துளை வழியாகத்தான்.

ஒலி என்பது என்ன?

காற்று அதிர்ந்தால் ஒலி பிறக்கிறது என்று ஒன்பதாம் வகுப்பிலேயே படித்துவிட்டோம். வினாடிக்கு 20 முதல் 20,000 வரையிலான அதிர்வுகளை நம் செவி கேட்கும். அதிர்வு எண் கூடினால் சுருதி ஏறும். குறைந்தால் சுருதி இறங்கும். இது பாடம். இதை வீட்டிலேயே கையால் தொட்டு உணரவும் ஒரு வழி உண்டு.

பழைய ரேடியோவில் இருந்து கழற்றிய ஒரு ஸ்பீக்கர், 1.5 வோல்ட் பாட்டரி ஒன்று, இரும்பைத் தேய்க்கும் அரம் ஒன்று, இரண்டு மூன்று துண்டுக் கம்பிகள். இவை இருந்தால் போதும். ஸ்பீக்கரின் ஒரு முனையைப் பாட்டரியோடு சேர்த்து, பாட்டரியின் மறுமுனையை அரத்தோடு இணையுங்கள். ஸ்பீக்கரின் இன்னொரு முனையிலிருந்து வரும் கம்பியால் அரத்தை ஒரு முறை தொடுங்கள். 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். எடுத்தால் மீண்டும் 'டக்'. இப்போது கம்பியை அரத்தின் பற்கள் மேல் இழுங்கள். பல்லில் படும்போது மின்சாரம் ஓடுகிறது, பள்ளத்தில் நின்றுவிடுகிறது. தனித்தனி 'டக்'குகள் ஒன்றோடொன்று சேர்ந்து 'கர்ர்' என்ற ஒலியாகும். வேகமாக இழுத்தால் அதுவே 'கீச்' என்று உயரும்.

இந்தச் சோதனையில் பாட்டரிக்குச் சங்கீதம் தெரியுமா? அரத்துக்குத் தெரியுமா? இரண்டுக்கும் தெரியாது. மின்சாரம் உண்டு, இல்லை என்ற இரண்டு நிலைகள்தாம் அங்கே இருந்தன. அந்த உண்டும் இல்லையும் எவ்வளவு வேகத்தில் மாறி மாறி வருகின்றன என்பதே சுருதியாயிற்று. கால்குலேட்டர் பாடுவதும் இதே முறையில்தான். அரத்தின் பற்களுக்குப் பதிலாக அங்கே எண்கள் வேலை செய்கின்றன.

துளை வழியே வரும் ஓசை

அந்தச் சிறு துளையில் மூன்று தொடர்புகள் உள்ளன. ஒன்று பொதுவான தரைக் கம்பி. மற்ற இரண்டும் செய்தி செல்லும் கம்பிகள். சும்மா இருக்கும்போது இந்த இரு கம்பிகளிலும் சுமார் 5 வோல்ட் மின்னழுத்தம் நிற்கும். சில்லு கட்டளையிட்டால் அழுத்தம் ஏறக்குறையப் பூஜ்யத்துக்கு இறங்கும். கட்டளையை விலக்கினால் மீண்டும் ஏறும். ஏற்றம், இறக்கம், இந்த இரண்டு மட்டுமே அதற்குத் தெரியும். இடைப்பட்ட நிலை எதுவும் கிடையாது. இதனால் இவ்வகை இசைக்கு ஒற்றை பிட் இசை என்று பெயர்.

நல்வாய்ப்பாக, ஸ்டீரியோ ஹெட்போன் செருகியிலும் இதே போல மூன்று தொடர்புகள்தாம்: தரை, இடக் காது, வலக் காது. அளவு மட்டும் வேறு, அது 3.5 மில்லிமீட்டர். பெரியதைச் சிறியதாக்கும் மாற்றுச் செருகி மொபைல் உதிரிபாகம் விற்கும் கடைகளில் கிடைக்கிறது. ஆனால் கால்குலேட்டரில் இருந்து வரும் மின்சாரம் மிக மெலிது. ஹெட்போனை நேரே மாட்டினால் ஓசை மெல்லியதாகத்தான் வரும். ஆதலால் தனக்கெனத் தனி மின்சாரம் உடைய, கம்ப்யூட்டருக்குப் பயன்படும் ஸ்பீக்கரே ஏற்றது. மெலிந்த அதிர்வை அது வாங்கிப் பெருக்கித் தரும்.

எண்ணத் தெரிந்தால் பாடலாம்

ஹார்மோனியத்துக்கும் பியானோவுக்கும் சுருதி கூட்டுவோர் வினாடிக்கு 440 அதிர்வு உடைய ஒரு ஸ்வரத்தை அளவாகக் கொள்கிறார்கள். இந்த ஒலி வேண்டுமானால் கம்பி வினாடிக்கு 440 தடவை ஏறவும் 440 தடவை இறங்கவும் வேண்டும். ஆக மொத்தம் 880 மாற்றங்கள். சில்லின் வேகமோ வினாடிக்கு 60,00,000 துடிப்பு. 60,00,000ஐ 880ஆல் வகுத்தால் 6,818 வருகிறது. அதாவது ஒரு முறை கம்பியை மாற்றிவிட்டு, 6,818 துடிப்புகள் சும்மா இருந்து, பின்பு மறுபடியும் மாற்ற வேண்டும்.

சும்மா இருப்பது எப்படி? இயந்திரத்துக்குச் சும்மா இருக்கத் தெரியாது. அதனால் அதற்கு எண்ணும் வேலையைக் கொடுக்கிறார்கள். 'ஒன்றைக் குறை, பூஜ்யம் வரவில்லையென்றால் மீண்டும் குறை' என்ற ஒரே கட்டளையை இசட்-80 செய்து முடிக்க 13 துடிப்புகள் ஆகின்றன. 6,818ஐ 13ஆல் வகுத்தால் 524. ஆகவே 524லிருந்து பூஜ்யம் வரை எண்ணிவிட்டுக் கம்பியை மாற்று, மறுபடி எண்ணு, மறுபடி மாற்று என்று சொன்னால் அந்த ஸ்வரம் ஒலிக்கும். கண்ணாமூச்சி ஆட்டத்தில் கண்ணைப் பொத்திக்கொண்டு எண்ணுகிறோமே, அதைப் போலத்தான்!

இந்தக் கணக்கையே மேலும் நீட்டி, ஏழு ஸ்வரங்களுக்கும் எண் கண்டோம். சங்கராபரண வரிசையும் மேனாட்டாரின் மேஜர் வரிசையும் ஒன்றே என்று எங்கள் பாட்டு டீச்சர் கூறினார். அந்த வரிசையில் ஸ என்பதை வினாடிக்கு 261.63 அதிர்வு எனக் கொண்டால் எண்ண வேண்டிய எண்கள் இவை:

ஸ – 882
ரி – 786
க – 700
ம – 661
ப – 589
த – 524
நி – 467
மேல் ஸ – 441

இப்பட்டியலைச் சற்று உற்று நோக்குங்கள். சுருதி ஏற ஏற எண் குறைகிறது. குறைவாக எண்ணினால் விரைவில் முடிந்துவிடும், அதிர்வு கூடிவிடும். இது தலைகீழ் விகிதம். மேல் ஸ்தாயி ஸ-வின் எண், கீழ் ஸ-வின் எண்ணில் சரி பாதி. பஞ்சமத்தின் எண் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. பாட்டு வகுப்பில் காதால் கற்றதைக் கணக்கு வகுப்பில் கண்ணால் கண்டபோது எங்களுக்கு உண்டான மகிழ்ச்சிக்கு அளவில்லை.

நாங்கள் செய்த சோதனை

டி.ஐ.-83 பிளஸில் ஒரு நல்ல வசதி உண்டு. இயந்திர மொழிப் புரோகிராமை வேறு கம்ப்யூட்டர் எதுவும் இல்லாமல் கருவியிலேயே தட்டி எழுதலாம். பூஜ்யம் முதல் ஒன்பது வரையிலான இலக்கங்களும், ஏ முதல் எஃப் வரையிலான ஆறு எழுத்துக்களும் மட்டுமே அதற்குத் தேவை. இரண்டிரண்டு எழுத்து சேர்ந்தால் ஒரு பைட். இடைவிடாத ஒரே ஒரு ஒலியைச் சிறிது நேரம் எழுப்பி நிற்கும் புரோகிராமுக்கு 26 பைட் போதுமானதாக இருந்தது. அதாவது 52 எழுத்துக்கள். ஒருத்தி படிக்க, ஒருத்தி தட்ட, மற்றவர்கள் சரிபார்த்தோம். இத்தனை கவனம் எதற்கென்றால், ஓரெழுத்து மாறினாலும் கருவி உறைந்துபோகலாம். அப்போது பாட்டரியை எடுத்துப் போட வேண்டும். தற்காலிக நினைவில் இருப்பவை அழிந்துபோகும். நல்ல வேளையாகக் கருவி பழுதாவதில்லை.

புரோகிராமின் முதல் கட்டளை வினோதமானது. 'யார் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காதே' என்பதே அதன் பொருள். சாதாரணமாக இந்தச் சில்லு, செய்யும் வேலையை அடிக்கடி நிறுத்திவிட்டு, பொத்தான் ஏதேனும் அழுத்தப்பட்டதா என்று பார்த்து வரும். பாடும்போது அப்படி எழுந்து போனால் எண்ணிக்கை தவறும், ஒலி நடுங்கும். எனவே முதலில் அந்தப் பழக்கத்தை நிறுத்தி, பாட்டு முடிந்ததும் திரும்ப அனுமதிக்க வேண்டும்.

எண்ணிக்கையை வைக்கும் சிறு கூடு ஒன்று 256 தடவைக்கு மேல் எண்ணாது. பெரிய எண்களுக்குச் சுற்றுக்குள் சுற்று அமைக்க வேண்டும். நாங்கள் ஒரே கூட்டைக் கொண்டு 256 தடவை எண்ணச் செய்தோம். கணக்குப்படி வினாடிக்குச் சுமார் 887 அதிர்வுகள். ஸ்பீக்கரின் ஓசையைக் குறைத்து வைத்து, கட்டளையை ஓட்டினோம். 'பீ...' என்று ஒரு நீண்ட ஒலி அறை முழுதும் பரவியது! பிறகு 256க்குப் பதில் 128 என்று மாற்றினோம். ஒலி உயர்ந்தது. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் அது சரியான இரட்டிப்பு அன்று. 1,774 வருவதற்குப் பதிலாக 1,746தான் வருகிறது. காரணம் என்ன? எண்ணுவதற்கு மட்டுமா நேரம் ஆகிறது? கம்பியை மாற்றுவதற்கும், 'முடிந்துவிட்டதா' என்று பார்ப்பதற்கும் ஒவ்வொரு சுற்றிலும் 59 துடிப்புகள் செலவாகின்றன. எண்ணைப் பாதியாக்கினாலும் இந்த 59 பாதியாவதில்லை. உண்மையான பாட்டுப் புரோகிராம் எழுதுவோர் இந்தச் சில்லறைச் செலவையும் கணக்கில் சேர்த்தால்தான் சுருதி சேரும்.

குரல் ஏன் கீச்சென்று இருக்கிறது?

கால்குலேட்டரின் குரல் புல்லாங்குழல் போல இனிமையாக இராது. ஈயின் ரீங்காரமும் நாதஸ்வரமும் கலந்தது போல இருக்கும். இதற்கும் கணக்கிலேயே விடை உண்டு.

புல்லாங்குழலின் அதிர்வு மேடும் பள்ளமுமாக மெல்ல வளையும் அலை. முக்கோணத்தை வைத்து நாம் படிக்கும் சைன் என்பதைக் கோணம் மாற மாற வரைந்தால் அத்தகைய அலைதான் கிடைக்கும். கால்குலேட்டரின் அதிர்வோ செங்குத்தாக ஏறி, சமமாக ஓடி, செங்குத்தாக இறங்குகிறது. மதில்மேல் கட்டிய பல்வரிசை போன்ற வடிவம். இதைச் சதுர அலை என்பார்கள். எந்த அலையையும் பல சைன் அலைகளின் கூட்டாகக் காட்டலாம் என்பதை பிரெஞ்சு நாட்டு அறிஞர் ஜோசப் ஃபூரியே 1822இல் வெளியிட்ட தம் நூலில் எடுத்துரைத்தார். அதன்படி சதுர அலைக்குள் அடிப்படை ஒலியோடு அதன் மூன்று மடங்கு, ஐந்து மடங்கு, ஏழு மடங்கு அதிர்வுகளும் ஒளிந்திருக்கின்றன. மூன்று மடங்கு ஒலியின் வலு மூன்றில் ஒன்று; ஐந்து மடங்கின் வலு ஐந்தில் ஒன்று. இந்த உயர்ந்த ஒலிகள்தாம் நம் காதில் கீச்சென்று கேட்கின்றன.

இதில் ஓர் அழகு என்னவென்றால், பாடும் அந்தக் கருவியே தன் குரலைப் படமாகவும் வரைந்து காட்டும். சைன் எக்ஸ் என்று முதலில் வரையச் சொன்னோம். வழக்கமான அலை வந்தது. அதனோடு சைன் மூன்று எக்ஸை மூன்றால் வகுத்துக் கூட்டினோம். அலையின் தலை தட்டையாயிற்று. ஐந்தையும் ஏழையும் சேர்க்கச் சேர்க்க, வட்டத் தலை மெல்ல மெல்லச் சதுரமாகிக்கொண்டே போயிற்று. காதால் கேட்ட கீச்சொலியைத் திரையில் கண்டோம்.

பல குரலும் பேச்சும்

ஒரே நேரத்தில் ஒரே வேலை செய்யும் சில்லு, இரண்டு குரலில் பாடுமா? பாடும். இரண்டு தனித்தனி எண்ணிக்கைகளை வைத்துக்கொண்டு, இதில் ஒன்று, அதில் ஒன்று என்று மாற்றி மாற்றிக் குறைத்து வரும். எது முடிகிறதோ அதற்குரிய மாற்றத்தைச் செய்யும். இந்த மாற்றம் மிக வேகமாக நடப்பதால் நம் காது இரண்டையும் ஒன்றாகவே கேட்கிறது. கம்பிகள் இரண்டு இருப்பதால் ஒரு குரலை இடப்புறமும் மற்றதை வலப்புறமும் அனுப்பலாம். இந்த வழிகளையெல்லாம் கொண்டு கால்குலேட்டரிலேயே பாட்டு அமைப்பதற்கு ஹூஸ்டன் டிராக்கர் என்ற புரோகிராமும் உண்டு.

பேச்சையும் பதிவு செய்த பாட்டையும்கூட இப்படி ஒலிக்கச் செய்யலாம். ஆனால் இடம் போதாது. இந்தக் கருவியில் நாம் எழுதுவதற்கு உள்ள தற்காலிக நினைவு 24 கிலோபைட். அதாவது 1,96,608 பிட். வினாடிக்கு 8,000 பிட் வீதம் செலவழித்தால் 24 வினாடிகளில் தீர்ந்துவிடும். இசைத்தட்டான சி.டி.யில் வினாடிக்கு 14,11,200 பிட் செலவாகிறது. அந்தத் தரத்தில் வேண்டுமென்றால் இந்த நினைவில் அடங்குவது சுமார் ஏழில் ஒரு பங்கு வினாடிதான். கண் இமைக்கும் நேரம்! ஆனால் பாட்டை ஒலியாகச் சேமிக்காமல் ஸ்வரமாக எழுதிவைத்தால்? ஸ்வரத்துக்கு ஒரு பைட், கால அளவுக்கு ஒரு பைட் என்று கொண்டால், 300 ஸ்வரங்கள் உள்ள பாட்டுக்கு 600 பைட் போதும். ஸ்வரம் எழுதும் முறையைக் கண்ட நம் முன்னோர் எவ்வளவு சிக்கனக்காரர்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

முன்னோடிகள்

பாடுவதற்கென்று பிறவாத இயந்திரத்தைப் பாட வைக்கும் ஆசை புதிதன்று. 1951இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில், பின்னாளில் சிஸ்ராக் எனப் பெயர் பெற்ற கம்ப்யூட்டர் பலர் முன்னிலையில் இசை ஒலித்தது. அதே ஆண்டில் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஃபெரான்டி மார்க் 1 என்ற இயந்திரம் பாடியதை பி.பி.சி. பதிவு செய்தது. அதற்குப் புரோகிராம் எழுதியவர் கிறிஸ்டோஃபர் ஸ்ட்ரேச்சி என்ற பள்ளி ஆசிரியர். இந்த இரண்டு இயந்திரங்களிலும் ஸ்பீக்கர் இருந்தது உண்மைதான். ஆனால் அது, வேலை எந்த நிலையில் இருக்கிறது என்று இயக்குவோருக்கு ஒலியால் உணர்த்துவதற்காக வைக்கப்பட்டது. மான்செஸ்டர் பதிவை 2016இல் நியூசிலாந்து அறிஞர்கள் வேகப் பிழை நீக்கிச் செப்பனிட்டார்கள்.

1975இல் வந்த ஆல்டேர் 8800 கம்ப்யூட்டரில் ஸ்பீக்கர்கூடக் கிடையாது. ஸ்டீவ் டாம்பியர் என்பவர் அதன் பக்கத்தில் ஒரு ரேடியோவை வைத்தார். சில்லின் வேலையால் ரேடியோவில் எழும் இரைச்சலையே வேளைக்கேற்ப மாற்றிப் பாட்டாக்கினார்! 1982இல் இங்கிலாந்தில் வந்த ஸ்பெக்ட்ரம் என்ற வீட்டுக் கம்ப்யூட்டரிலும் இதே இசட்-80 சில்லும் ஒற்றை பிட் ஸ்பீக்கரும் இருந்தன. அதில் பலர் கண்ட உத்திகளின் வழியில் வந்ததே கால்குலேட்டர் இசை.

பூட்டு நல்லதா, திறப்பு நல்லதா?

இனி, எங்கள் வகுப்பில் பெரும் விவாதத்தை எழுப்பிய செய்திக்கு வருகிறோம். 2015இல் வந்த டி.ஐ.-84 பிளஸ் சி.இ. என்ற புதிய கருவியில் அந்த வட்டத் துளை இல்லை. அதன் பின் 2020இல் நிறுவனம் வெளியிட்ட புதிய மென்பொருளில், இயந்திர மொழிப் புரோகிராம்களை ஓட்டும் வசதியும் நீக்கப்பட்டது. தேர்வின் பாதுகாப்பே அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. தேர்வு நேரத்தில் புரோகிராம்களைப் பூட்டிவைக்கும் ஏற்பாடு இத்தகைய கருவிகளில் முன்பே உண்டு. ஆனால் இயந்திர மொழி அறிந்தவர் அந்தப் பூட்டையே ஏமாற்றிவிடலாம் என்ற அச்சம் இருந்தது. அதனால் ஜன்னலை மட்டும் சாத்தாமல் சுவரையே எழுப்பிவிட்டார்கள்.

"இது நியாயமே" என்றனர் எங்களில் சிலர். இரவு பகலாகப் படித்து எழுதுபவள் ஒருத்தி. கருவிக்குள் விடையை ஒளித்துவைத்து எழுதுபவள் இன்னொருத்தி. இருவருக்கும் ஒரே மதிப்பெண் என்றால் படித்தவளுக்கு இழைக்கப்படும் அநீதியல்லவா? தேர்வு என்பது நம்பிக்கை. அதைக் காக்க ஒரு விளையாட்டை இழந்தால் என்ன குற்றம்?

"விளையாட்டு மட்டுமா இழப்பு?" என்று கேட்டனர் மற்றவர்கள். கம்ப்யூட்டர் வாங்க வசதியில்லாத பிள்ளைக்கும் பள்ளிக்காக வாங்கிய கால்குலேட்டர் கையில் இருந்தது. அதில்தான் சில்லுக்குக் கட்டளையிடும் வித்தையைப் பலர் முதன்முதலாகக் கற்றார்கள். ஒரு சிலர் தவறு செய்யக்கூடும் என்பதற்காக எல்லோருக்கும் கதவை அடைப்பது, ஒரு மாணவி புத்தகத்தில் கிறுக்கினாள் என்பதற்காக நூலகத்தையே மூடுவது போலாகும் அல்லவா?

இருதரப்பிலும் உண்மை இருப்பதை உணர்ந்தோம். நீண்ட நேரம் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். தேர்வு நாளில் கருவி பூட்டியிருக்கத்தான் வேண்டும். அதற்குப் பள்ளியே சில கருவிகளை வாங்கிவைத்து, தேர்வு மண்டபத்தில் கொடுத்து, முடிந்ததும் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். தேர்வு மூன்று மணி நேரம். ஆண்டிலோ முந்நூற்று அறுபத்தைந்து நாட்கள். அந்த மூன்று மணி நேரத்துக்காக மற்ற நாட்களையும் பூட்டிவிட வேண்டாம். மாணவியின் சொந்தக் கருவி மற்ற நாட்களில் திறந்திருக்கட்டும். மற்றொன்றையும் சொல்ல வேண்டும்: எந்தப் பூட்டும் ஒருவரை நேர்மையானவராக ஆக்காது. தவறு செய்ய வாய்ப்பைக் குறைக்கும், அவ்வளவே. நேர்மை வீட்டிலும் வகுப்பறையிலும் வளர வேண்டிய பயிர்.

தோழியருக்கு ஒரு வார்த்தை

இதைப் படித்துவிட்டுச் செய்து பார்க்க ஆவல் கொள்வோர் சிலவற்றை மனத்தில் கொள்ளுங்கள். ஒலி எழும் முன் ஸ்பீக்கரின் ஓசையைக் குறைத்துவையுங்கள். ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு முதல் சோதனை செய்யாதீர்கள். சதுர அலை செவியைக் குத்தும். வேறு ஒலிக்கருவியில் இருந்து வெளிவரும் மின்சாரத்தைக் கால்குலேட்டரின் துளைக்குள் செலுத்திவிடாதீர்கள். பிறருடைய கருவியாக இருந்தால் அவர் நினைவில் வைத்துள்ளவை அழியக்கூடும் என்பதை முன்கூட்டியே சொல்லி அனுமதி பெறுங்கள்.

இக்கருவி இல்லாதவர்கள் வருந்த வேண்டியதில்லை. அரமும் பாட்டரியும் உள்ள வீடு ஒவ்வொன்றும் ஓர் ஆய்வுக்கூடம்தான். தாளும் பென்சிலும் இருந்தால் 882லிருந்து 441 வரையிலான பட்டியலை நீங்களும் கண்டுபிடிக்கலாம். 60,00,000ஐ 26ஆல் வகுத்து, வந்ததை ஸ்வரத்தின் அதிர்வு எண்ணால் வகுத்துப் பாருங்கள். 26 எங்கிருந்து வந்தது என்று யோசிக்கும் வேலையை உங்களுக்கே விட்டுவிடுகிறோம். விடை இக்கட்டுரையிலேயே இருக்கிறது. முதலில் கண்டுபிடித்து வருபவர் எங்கள் வகுப்புக்கு வந்து கரும்பலகையில் எழுதிக் காட்டலாம். கால்குலேட்டரைப் பாட வைத்து வரவேற்கிறோம்!